மருந்துச் சீட்டுக்கு முந்திய சீட்டு

எந்த அளவுக்கு மேல் போனால் இரத்த அழுத்தத்தை நோய் என்று கொள்வது, அதற்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதையெல்லாம் வல்லுநர்கள் சிலர் கூடி முடிவு செய்து எழுதிவைப்பதே சிகிச்சை வழிகாட்டி. சிற்றூர் மருத்துவர் ஒருவர் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட சீட்டு அது. அவர் அதைத் தாளில் படித்திருக்கலாம், மாநாட்டில் கேட்டிருக்கலாம், மருந்துப் பிரதிநிதி நீட்டிய வண்ணத் துண்டுப் பிரசுரத்தில் பார்த்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் வழிகாட்டியில் ஓர் எண் மாறினால் அவருடைய சீட்டும் மாறும், மருந்துக் கடையில் நோயாளி எண்ணி வைக்கும் பணமும் மாறும். வழிகாட்டியை எழுதியவர்களுக்கும் அதில் பெயர் ஏறும் மருந்தை விற்பவர்களுக்கும் பணத் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது. மருத்துவ உலகம் இதை நலன் முரண் என்று சொல்கிறது.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஏ.எம்.எம். மருத்துவமனை 1924-இல் தொடங்கியபோது இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சல்பா மருந்துகள் வரவில்லை, பென்சிலின் வரவில்லை, காசநோய்க்கு மருந்தே இல்லை. அந்தக் காலத்து மருத்துவமனைகளில் கம்பவுண்டர் அளந்து கலக்கிக் கொடுக்கும் மிக்சரும், தாளில் மடித்த தூளும், களிம்பும்தான் பெரும்பாலும் மருந்து. பிரிட்டிஷ் பார்மகோபியா, கல்லூரியில் படித்த பாடநூல், ஆசிரியரின் வாய்ச்சொல் ஆகிய மூன்றும் மருத்துவருக்குப் போதுமானவையாக இருந்தன. தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல மருந்துகள் இருந்தால்தான் எதைத் தேர்வது என்று சொல்ல ஒரு குழு வேண்டும். 1940-களுக்குப் பிறகு மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வேகத்தில் அந்தத் தேவையும் பிறந்தது.

உலகம் முழுவதும் பின்பற்றிய ஒரு சிகிச்சை முறை சென்னையில்தான் உருவானது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும் உள்ள சானடோரியத்தில் படுத்தால்தான் காசநோய் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றொரு பகுதியினரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இரு பகுதியினருக்கும் ஓராண்டு ஐசோநியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள்தான். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று அதிகமாகவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கும், கோடிக்கணக்கான ஏழைகள் வேலையை விடாமல் சிகிச்சை பெற்றதற்கும் இந்த ஆய்வு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த ஆய்வை நடத்தியது பொதுப் பணம். அதில் முதன்மையாக இருந்த ஐசோநியாசிட் மருந்தின் கதையும் கவனிக்கத்தக்கது. 1952-இல் மூன்று நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அது காசநோயைக் கட்டுப்படுத்தும் என்று கண்டறிந்தன. ஆனால் அந்த வேதிப்பொருளை 1912-இலேயே பிராகாவில் இரண்டு வேதியியலாளர்கள் செய்து பதிவிட்டிருந்ததால் அதற்கு யாரும் காப்புரிமை கோர முடியவில்லை. ஆய்வின் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தனி ஆதாயம் பெறக்கூடிய ஒரு முதலாளி எதிரே இல்லை. இன்றுள்ள வழிகாட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சூழல் வாய்ப்பதில்லை.

1970-இன் காப்புரிமைச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று அது வரையறுத்தது. இந்திய நிறுவனங்கள் பெருகின, மருந்து விலை குறைந்தது, ஏழை நாடுகளுக்கு இந்தியா மருந்தகமானது. இது பெரும் நன்மை, ஐயமில்லை. அதோடு கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒரே மருந்தைப் பல பத்து நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்றபோது, உள்ளே இருக்கும் பொருளில் வேறுபாடு இல்லை. மருத்துவர் பேனாவிலிருந்து எந்தப் பெயர் விழுகிறது என்பதே வியாபாரமாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருக்கும் மெடிக்கல் ரெப், இலவச மாதிரி, பேனா, நாள்காட்டி, பிறகு மாநாட்டுச் செலவு என்று அந்தப் போட்டி வளர்ந்தது.

இதை முன்கூட்டியே கண்டவர்கள் இருந்தார்கள். ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைந்த குழு 1975-இல் கொடுத்த அறிக்கை, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றும், நாட்டுக்கு இன்றியமையாத மருந்துகள் 117 என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனமே தன் முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். ஹாத்தி குழு சொன்னதில் பெரும்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. அதன் உணர்வை ஓரளவு மெய்ப்பித்துக் காட்டியது தமிழ்நாடு. 1994-இல் உருவாக்கப்பட்டு மறு ஆண்டு செயலுக்கு வந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருத்துவர்கள் குழு தேர்ந்தெடுத்த பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டும் மூலப் பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகள் வழியாக அவை அரசு மருத்துவமனைகளுக்குப் போகின்றன. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் பட்டியலில் உள்ளதை எழுதினால் எந்த நிறுவனத்து மாத்திரை கிடைக்கும் என்பது அவருக்கே தெரியாது. மருந்தைத் தேர்வதற்கும் விற்பதற்கும் இடையே இப்படி ஒரு சுவர் எழுந்தது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய செயல்களில் ஒன்று.

தனியார் மருத்துவத்தில் அந்தச் சுவர் இல்லை. அங்கே வழிகாட்டி எழுதும் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவர் சங்கங்களின் கையில் உள்ளது. இதயத்துக்கு ஒரு சங்கம், நீரிழிவுக்கு ஒன்று, குழந்தை மருத்துவத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு துறைக்கும் அகில இந்தியச் சங்கமும் மாநிலக் கிளைகளும் உண்டு. ஆண்டுதோறும் மாநாடு நடக்கும். மண்டபத்தின் ஒரு பக்கம் உரை, மறுபக்கம் மருந்து நிறுவனங்களின் கடைகள். உணவு, தங்கும் அறை, பை, கழுத்தில் மாட்டும் அட்டை என எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். வல்லுநர்கள் கூடி வெளியிடும் ஒருமித்த கருத்து அறிக்கை ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், சிறிய எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். கூட்டம் நடத்தக் கல்வி நிதி அளித்த நிறுவனத்துக்கு நன்றி, கட்டுரையை எழுதுவதில் உதவிய தொழில்முறை எழுத்து நிறுவனத்துக்கு நன்றி. முதல் பக்கத்தில் எந்த மருந்து பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த வரிகளோடு சேர்த்துப் படிப்பவர் மிகச் சிலர்.

அப்படிச் சேர்த்துப் படித்தவர்கள் முதலில் வட அமெரிக்காவில்தான் இருந்தார்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஆர்னால்ட் ரெல்மன் ஆசிரியராக இருந்தபோது, 1984-இல், கட்டுரையாளர்கள் தங்கள் பணத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. வழிகாட்டிகளைப் பற்றிய முதல் பெரிய கணக்கெடுப்பு 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. சௌத்ரி, ஸ்டெல்ஃபாக்ஸ், டெட்ஸ்கி என்ற மூவர் 44 வழிகாட்டிகளை எழுதிய 192 பேரிடம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதிய நூறு பேரில் 87 பேருக்கு மருந்து நிறுவனங்களோடு ஏதாவது ஒரு தொடர்பு இருந்தது. வழிகாட்டியில் பேசப்பட்ட மருந்தைச் செய்யும் நிறுவனத்தோடே தொடர்பு கொண்டவர்கள் பாதிக்கும் மேல். அந்தத் தொடர்பு தன் பரிந்துரையைப் பாதித்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் 7 விழுக்காடு. உடன் எழுதியவர்களைப் பாதித்தது என்று சொன்னவர்கள் 19 விழுக்காடு. தன் மனம் நேர்மையானது என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள். லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் எழுதுவது போன்ற எளிய குற்றமாக இதைக் கருத முடியாததற்கும், தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிட முடியாததற்கும் காரணம் அதுதான்.

அதற்குப் பின் வந்த நிகழ்வுகளில் மிகவும் பாடமாக அமைந்தது எலி லில்லி நிறுவனத்தின் ஸிக்ரிஸ் மருந்து. இரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடும் நிலையில் கொடுப்பதற்காக 2001 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 6,800 டாலர் செலவு. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. நிறுவனம் ஒரு விளம்பரத் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தியது. செப்சிஸ் நோயை எதிர்த்துப் போராடும் உலகளாவிய இயக்கம் ஒன்று தொடங்கியது, அதன் ஆரம்பக் கட்டங்களுக்கான நிதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் லில்லி கொடுத்தது. அந்த இயக்கம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த மருந்து இடம்பெற்றது. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் அதை ஏற்க மறுத்தது. 2006-இல் ஐக்கேக்கர், நாட்டன்சன், டானர் ஆகிய மூன்று மருத்துவர்கள் இந்தக் கதை முழுவதையும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். 2011 அக்டோபரில், புதிய ஆய்வு ஒன்று மருந்தால் உயிர் பிழைப்பவர் எண்ணிக்கை கூடவில்லை என்று காட்டியதும், நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. பத்தாண்டுக் காலம் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் அது நோயாளிகளின் நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

கொழுப்புக்கான அமெரிக்க வழிகாட்டி 2004-இல் திருத்தப்பட்டு, மாரடைப்பு ஆபத்து மிக அதிகம் உள்ளவர்களுக்கு இலக்கு இன்னும் கீழே இறக்கப்பட்டபோது, குழுவில் இருந்த ஒன்பது பேரில் எட்டு பேருக்கு ஸ்டாட்டின் மருந்து செய்யும் நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது. அச்சான கட்டுரையில் அது இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் பலருக்கும் நன்மை செய்த மருந்து என்பதில் மாற்றுக் கருத்து அதிகம் இல்லை. அந்த நல்ல மருந்தின் மீதே சந்தேகம் விழ இந்த மறைப்பு இடம் கொடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் தப்பவில்லை. வலிக்கு ஓபியாய்டு மருந்து கொடுப்பது பற்றி அது 2011-இலும் 2012-இலும் வெளியிட்ட இரண்டு வழிகாட்டிகளில் அத்தகைய மருந்தை விற்ற பர்டியூ நிறுவனத்தின் செல்வாக்கு படிந்திருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் 2019-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டும் திரும்பப் பெறப்பட்டன.

தீர்வு என்று முதலில் சொல்லப்பட்டது அறிவிப்பு. யாரிடம் என்ன வாங்கினேன் என்று சொல்லிவிட்டால் போதும் என்ற எண்ணம். 2011-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒரு படி மேலே போனது. குழுத் தலைவருக்கு எந்த நலன் முரணும் இருக்கக் கூடாது, தொடர்புள்ளவர்கள் குழுவில் பாதிக்குக் குறைவாகவே இருக்க வேண்டும், நிதி கொடுப்பவருக்கு வழிகாட்டி உருவாவதில் பங்கே கூடாது என்றது. அறிவிப்பு மட்டும் போதாது என்ற இந்த உண்மை பணத்தோடு புழங்கும் தொழில்களில் மிகப் பழையது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில், மூன்று ஆண்டுக் கணக்குக்கு ஏஜெண்டை அனுப்பும்போது சம்பளச் சீட்டு எழுதுவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும், கணக்கின் நகல் ஊருக்கு வந்துகொண்டிருக்கும், முதலாளி பணத்தை வைத்து ஏஜெண்டு தன் பேரில் தொழில் செய்யக் கூடாது. சொந்தத் தொழில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்தால் சரி என்று எந்தச் செட்டியாரும் ஏற்கவில்லை. ஆயிரம் மைல் தள்ளி இருப்பவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நோயாளியும் வழிகாட்டிக் குழுவைப் பார்க்க முடியாத தூரத்தில்தான் இருக்கிறார்.

இந்தியாவில் இந்தப் பிரச்சினை பொதுவெளிக்கு வந்தது மருந்தால்கூட அல்ல, பழச்சாறால். இந்திய மருத்துவச் சங்கம் 2008-இல் பெப்சிகோவோடு ஓர் ஒப்பந்தம் செய்து, டிராபிகானா பழச்சாறு, குவேக்கர் ஓட்ஸ் ஆகியவற்றில் தன் சின்னத்தைப் போட்டுக்கொள்ள அனுமதித்தது. நாட்டின் மிகப்பெரிய மருத்துவர் அமைப்பின் சின்னம் ஒரு விற்பனைப் பொட்டலத்தின் மேல். எதிர்ப்புகளுக்குப் பின் 2010-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் அதை ஒழுக்க விதி மீறல் என்று கண்டு சங்கப் பொறுப்பாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தது.

இதற்கிடையே 2009 டிசம்பர் 10-ஆம் நாள், 2002-இன் மருத்துவ ஒழுக்க விதிகளில் 6.8 என்ற புதிய பிரிவை அந்தக் கவுன்சில் சேர்த்திருந்தது. பரிசு, பயணம், விருந்தோம்பல், ரொக்கம் எதையும் மருந்து நிறுவனத்திடம் வாங்கக் கூடாது. மருத்துவர்களோடு மருத்துவர் சங்கங்களுக்கும் இது பொருந்தும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. வழிகாட்டிகளின் வரலாற்றைப் பொறுத்தவரை அந்தப் பிரிவின் உயிரே அந்தச் சில சொற்கள்தான். வழிகாட்டியைத் தனி மருத்துவர் எழுதுவதில்லை, சங்கம் எழுதுகிறது.

2012 மே மாதம் நாடாளுமன்றச் சுகாதார நிலைக்குழு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றித் தன் 59-ஆவது அறிக்கையைக் கொடுத்தது. மருந்துகளுக்கு அனுமதி அளிக்கலாம் என்று வெவ்வேறு ஊர்களில் உள்ள வல்லுநர்கள் தனித்தனியே எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் சில, சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதை உறுப்பினர்கள் கண்டார்கள். அவை மருந்து நிறுவனங்களிலேயே தயாராகி, வல்லுநரின் கையெழுத்தை மட்டும் பெற்று வந்தவை என்று கருதக் காரணம் உண்டு என்று குழு சொன்னது. இவை வழிகாட்டிகள் அல்ல என்றாலும், வல்லுநர் கருத்து என்ற பெயரில் வருவதன் பின்னால் யார் பேனா இருக்கலாம் என்பதற்கு அரசாங்கக் கோப்பிலிருந்தே கிடைத்த சான்று அது. மறு ஆண்டு வந்த 72-ஆவது அறிக்கை, ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளிடம் நடத்தப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில் நலன் முரண் இருந்ததைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி உயிர் காப்பது, பல நாடுகளில் பயன் நிறுவப்பட்டது. இந்தியாவில் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு அதைப் பொதுத் திட்டத்துக்குப் பரிந்துரைத்தது 2022-இல். நடுவில் போன ஆண்டுகளில் இழந்தது பெற்றோரின் நம்பிக்கை.

பணம் எந்த அளவில் புழங்கியது என்பது ஒரு சென்னை வழக்கில் தெரிந்தது. ஜிங்கோவிட் என்ற சத்து மாத்திரையைப் பற்றி மருத்துவர்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தியதற்காக அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் 4.72 கோடி ரூபாயை வணிகச் செலவாகக் காட்டி வருமான வரி விலக்குக் கேட்டது. விலக்கு மறுக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்திலும் வெற்றி கிடைக்காமல், வழக்கு டெல்லி உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 2022 பிப்ரவரி 22-இல் நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வு நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வாங்குவது மருத்துவருக்குச் சட்டவிரோதம் என்றால் கொடுப்பது நிறுவனத்துக்கு நியாயமான செலவாக முடியாது என்றது. தங்கக் காசு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று இந்த வகைப் பரிசுகளைத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அவற்றின் விலை மருந்தின் விலையில் ஏறி, கடைசியில் நோயாளியே கொடுக்கிறார் என்றும் சொன்னது.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே விதி மெலிந்துவிட்டது. மருத்துவக் கவுன்சிலின் அதிகாரம் பதிவு பெற்ற தனி மருத்துவர் மீதுதான், சங்கங்கள் மீது இல்லை என்ற வாதம் எழுந்து, 2016 பிப்ரவரியில் வெளியான திருத்தம் 6.8-இலிருந்து மருத்துவர் சங்கங்கள் என்ற சொற்களை எடுத்துவிட்டது. தனி மருத்துவருக்கோ தண்டனை நுணுக்கமாக வகுக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் ரூபாய் வரை பரிசு வாங்கினால் கண்டனம், பத்தாயிரம் வரை மூன்று மாதப் பெயர் நீக்கம், ஐம்பதாயிரம் வரை ஆறு மாதம், ஒரு லட்சம் வரை ஓராண்டு, அதற்கு மேல் போனால் ஓராண்டுக்கும் அதிகம். ஐயாயிரம் ரூபாய்ப் பரிசு வாங்கிய சிற்றூர் மருத்துவர் கணக்கில் வந்தார். நாடு முழுவதும் பின்பற்றும் வழிகாட்டியை எழுதும் அமைப்பு பெறும் கோடிகள் கணக்கில் வரவில்லை. இது தலைகீழான ஏற்பாடு. அதிகாரம் இல்லை என்றால் அதிகாரத்தைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும்.

மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ஆம் நாள் வெளியிட்ட புதிய விதிகள், மருந்து நிறுவன ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளில் மருத்துவர்கள் பங்கேற்பதையே தடுத்தன. சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதம் 23-ஆம் நாள் அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 2002-இன் பழைய விதிகளே திரும்பின. 2024 மார்ச் 12-இல் மத்திய மருந்துத் துறை மருந்து விற்பனைக்கான சீரான நடத்தைக் கோட்பாட்டை வெளியிட்டது. பரிசையும் வெளிநாட்டுப் பயணத்தையும் அது தடை செய்கிறது. உரையாற்றச் செல்பவருக்கு மட்டும் பயணத்தில் விலக்கு அளிக்கிறது. வழிகாட்டி எழுதும் வல்லுநர்கள் பெரும்பாலும் மாநாடுகளில் உரையாற்றுபவர்களே.

அமெரிக்காவில் 2010-இன் சட்டப்படி ஒவ்வொரு மருத்துவருக்கும் எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பது 2013 முதல் திரட்டப்பட்டுப் பெயர்வாரியாக இணையத்தில் வெளியாகிறது. ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டையும் வழிகாட்டியின் கடைசிப் பக்க அறிவிப்பையும் அருகருகே வைத்து, சொல்லாமல் விட்ட தொகைகளை மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தியாவில் இதழ்கள் கேட்கும் படிவத்தில் எழுதியவரே நிரப்பித் தரும் ஒரு வரிதான் இருக்கிறது. அதில் நலன் முரண் இல்லை என்று எழுதியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுமக்கள் கையில் வேறு பதிவேடு கிடையாது.